எண்ணெய்ப் போத்தலும் நான்கு நிமிடமும்: மொரீஷியஸ் கோயில் குழுக்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோயில் நிர்வாகக் குழுவினருக்கும், தமிழ்ச் சங்கத்தாருக்கும், மாலைநேரத் தமிழ்ப் பள்ளிகளை நடத்தி வருவோருக்கும் வணக்கம்.

1987-இல் நம் வீட்டு அடுப்படிகளில் ஒன்று மாறியது. கடையில் விற்ற ரேஷன் எண்ணெயில் அதுவரை பெரும்பகுதி பாமாயில்தான். அரசு அதைச் சோயா எண்ணெயாக மாற்றியது. என் அம்மா அதே கடைக்குப் போனார், அதே எண்ணெயைக் கேட்டு வாங்கினார், ஊரார் காத்தோ பிமான் என்று சொல்லும் நம் பருப்பு வடையை அதில் சுட்டார். ஐந்து ஆண்டு கழித்து 1992-இல் மருத்துவர்கள் மக்களிடம் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சராசரிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. உணவு, உடற்பயிற்சி பற்றிய பிரசாரமும் அந்த ஆண்டுகளில் நடந்தது. ஆனாலும் இறங்கியதில் எண்ணெய்க்கு ஒரு பங்கு உண்டு என்று 1996-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். பொதுச் சுகாதாரம் படிப்பவர்கள் வேறு நாடுகளில் உட்கார்ந்து நம்மைப் பற்றிய இந்தக் கதையைப் படிக்கிறார்கள்.

எனக்கு இது தெரிய வந்தது அம்மா இறந்து பல ஆண்டுகள் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு வேளையில், என் தங்கை மகள் சொல்லித்தான். நம் இரத்தத்தில் எழுதிய செய்தி. நமக்கு மட்டும் யாரும் வாசித்துக் காட்டவில்லை.

அவள் ரெடுயியில், மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். எதைப் பற்றி என்று அன்றுதான் நானும் ஒழுங்காகக் கேட்டேன். மூன்று ஆண்டுகளாக வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விடை "மங்லியே பத்தி ஏதோ படிக்குது" என்பதுதான். கடலோரச் சேற்றில் வளரும் மரத்தை இங்கே மங்லியே என்போம். அவளும் அதற்கு மேல் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பாள், பிரெஞ்சில் திருத்துவாள், நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் "விடுங்க மாமா" என்று முடிப்பாள். தமிழில் "மாமா" என்ற சொல் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அன்று என் கைப்பேசியை மிளகாய் ஊறுகாய்ப் போத்தலில் சாய்த்து வைத்து, நான் கேட்க அவள் சொல்ல, நான்கு நிமிடம் பதிவு செய்தோம். அந்த நான்கு நிமிடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் நான் கேட்டது, "உன் ஆராய்ச்சி என்ன?" என்றுதான். கருத்தரங்கில் பேசுவது போல நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். பதிவை நிறுத்தினேன். "நேற்றுக் காலையில் உன் கை என்ன செய்துகொண்டிருந்தது?" என்று மாற்றிக் கேட்டேன். முகமே மாறிப்போனது. கடல் வற்றும் நேரம் பார்த்து விடியலில் போய், சேற்றில் முழங்கால் வரை இறங்கி, கயிற்றால் சதுரம் கட்டி, அந்தச் சதுரத்துக்குள் இருக்கும் கன்றுகளை ஒவ்வொன்றாக எண்ணி, தண்டின் சுற்றளவை அளந்து எழுதுகிறாளாம். நம் தீவில் இயற்கையாக வளரும் மங்லியே இரண்டே வகைதானாம். அதன் விதை நிலத்தில் விழுந்து முளைப்பதில்லை. மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு, பிறகுதான் சேற்றில் இறங்குகிறது. கன்றை ஈன்ற பிறகு தரையில் விடும் பசு மாதிரி என்றாள். மாட்டைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருப்பாளோ மாட்டாளோ, உவமை மட்டும் எங்கிருந்தோ வந்துவிட்டது.

"இதை நீ எண்ணாவிட்டால் யாருக்கு நட்டம்?" என்று கேட்டேன். அப்போதுதான் 2020 பற்றிப் பேசினாள்.

அந்த ஆண்டு ஜூலை 25 இரவு வகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னி அருகே பவளப்பாறையில் ஏறியதும், ஆகஸ்ட் 6-இல் எண்ணெய் கசியத் தொடங்கியதும், ஏறக்குறைய ஆயிரம் டன் நம் தென்கிழக்குக் கடலில் கலந்ததும் உங்களில் யாருக்கும் மறந்திருக்காது. மாயேபூர் கடற்கரையில் கரும்புச் சோகையைத் துணிப்பையில் திணித்து மிதவை தைத்தவர்களில் நம் கோயில் இளைஞர்களும் இருந்தார்கள். அரசு சொல்லும்வரை யாரும் காத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் வீடுகளில் ஒரே கேள்வி: மீன் வாங்கலாமா? வாட்ஸப்பில் நாளுக்கு ஒரு விடை வந்தது. ஒன்றில் தின்றால் புற்றுநோய், அடுத்ததில் எலுமிச்சை பிழிந்தால் போதும். மண்ணையும் நீரையும் அள்ளிச் சோதித்துக்கொண்டிருந்த இளம் ஆய்வாளர்கள் நம் தெருக்களிலேயே குடியிருந்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை; அவர்களுக்கும் நம்மிடம் பேச ஒரு வழி இருக்கவில்லை.

அறிவியலை மக்களிடம் கொண்டுபோகும் முயற்சிகள் உலகில் இல்லாமலில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் 'மூன்று நிமிட ஆய்வேடு' என்றொரு போட்டியைத் தொடங்கியது. எண்பதாயிரம் சொல்லில் எழுதிய ஆய்வேட்டை வாசித்து முடிக்க ஒன்பது மணி நேரம் பிடிக்கும். அதை மூன்று நிமிடத்தில், அசையாத ஒரே படத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். இன்று பல நாடுகளில் நடக்கிறது, நல்ல போட்டிதான். ஆனால் போட்டி போட்டிதான். மேடை, நடுவர், கைதட்டல். மனப்பாடம் செய்து பேசுகிறவர் முன்னால் நிற்பார். தெரியாததைக் கேட்கிற ஒருவர் அங்கே இருப்பதில்லை. பேட்டியில் இருக்கிறார். கேட்கிறவர் என்னைப் போல ஒன்றும் அறியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. "அது என்ன?" என்று வெட்கப்படாமல் கேட்பவருக்காக எந்த ஆய்வாளரும் கீழே இறங்கி வருவார். வாத்தியார் வேலையில் முப்பத்தைந்து ஆண்டு கழித்தவன் சொல்கிறேன், விடை தெரிந்தவன் கேட்கும் கேள்விக்குப் பிள்ளைகள் ஒருபோதும் நன்றாகப் பதில் சொன்னதில்லை.

ஏன் நான்கு நிமிடம், ஒரு மணி நேரம் பேசக் கூடாதா என்று நம் சங்கத்தார் ஒருவர் கேட்டார். (ஒரு மணி நேரம் பேசுவது அவருக்குப் பிடிக்கும்.) எடெக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தில் நான்கு பாடங்களை 69 இலட்சம் முறை பார்த்த பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் நடுத்தரமாக ஆறு நிமிடத்துக்கு மேல் உட்காரவில்லை. தேர்வுக்குப் படிக்க வந்தவர்களுக்கே ஆறு நிமிடம் என்றால், காவடி விரதத்தில் இருக்கும் சித்திக்கு நான்கு நிமிடமே தாராளம். அதே கட்டுரையில் இன்னொன்றும் உண்டு: பெரிய செலவில் அரங்கில் எடுத்ததைவிட, எதிரே உட்கார்ந்து பேசுவது போல எடுத்ததை விரும்பிப் பார்த்தார்களாம். ஊறுகாய்ப் போத்தலை நான் இனி மாற்றுவதாக இல்லை.

ஒலிக்கு மட்டும் செலவு செய்யுங்கள். படம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், குரல் கேட்கவில்லை என்றால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். சட்டைக் கழுத்தில் மாட்டும் சிறு ஒலிவாங்கி ஒன்று போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரைக்குக் கீழே மழை நாளில் எடுக்கவே வேண்டாம்; எங்கள் இரண்டாவது பதிவு முழுக்க மழைதான் பேசுகிறது.

சுருக்கமாகச் சொல்வதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதை மறைத்து உங்களிடம் ஆதரவு கேட்க மாட்டேன். டோடோ பறவையும் தாம்பலாக்கோக் மரமும் என்ற கதையை நானே வகுப்பில் எத்தனையோ ஆண்டு சொல்லியிருக்கிறேன்: டோடோ தின்று அதன் இரைப்பையில் அரைபட்ட விதைதான் முளைக்கும், பறவை அழிந்தது, மரமும் அழிகிறது என்று. 1977-இல் ஓர் அமெரிக்க ஆய்வாளர் பெயர்பெற்ற அறிவியல் இதழில் இதை எழுதினார். முந்நூறு வயதைத் தாண்டிய பதின்மூன்று மரங்களே மிச்சம் என்றும் சொன்னார். பிறகு மற்றவர்கள் காட்டுக்குள் போய்ப் பார்த்தார்கள். மரங்கள் அதைவிட அதிகம் இருந்தன, இளமரங்களும் இருந்தன, பறவை இல்லாமலேயே விதை முளைத்தது. திருத்தம் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் முதல் கதை அழகானது, சின்னது, வாயில் ஒட்டிக்கொள்வது. இன்றும் பலர் அதைத்தான் சொல்கிறார்கள். நான்கு நிமிடக் காணொளியும் இப்படி ஒரு பொய்யை நெடுங்காலம் சுமக்கக்கூடும். அதனால்தான் எங்கள் பேட்டியில் "உனக்கு இன்னும் என்ன தெரியவில்லை?" என்ற கேள்வியை ஒருபோதும் விடுவதில்லை. வெட்டி ஒட்டும்போதும் அந்தப் பதிலில் கைவைப்பதில்லை. தங்கை மகள் அந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் பேசினாள்.

இன்னொன்று, எல்லாவற்றையும் காட்டிவிடவும் கூடாது. நம் நாட்டின் ரொட்ரிக்ஸ் தீவில் 1980-இல் ஒரு பள்ளிச் சிறுவன், ஆசிரியர் கேட்டார் என்பதற்காக ஒரு கிளையை ஒடித்து வந்தான். அழிந்துபோனது என்று உலகம் முடிவு கட்டியிருந்த கஃபே மரோன் என்ற காட்டுச் செடி அது. ஒரே ஒரு செடி. செய்தி பரவியதும் மருந்துக்கு என்று ஆளாளுக்கு ஒடிக்கத் தொடங்கி, கடைசியில் அதைச் சுற்றி வேலி போட வேண்டியதாயிற்று. கிளைத் துண்டுகளை இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பி வளர்த்தார்கள். எந்த மலைச்சரிவில் எந்தச் செடி நிற்கிறது என்று எங்கள் காணொளியில் தெரியக் கூடாது. நோயாளிகளின் முகமோ பெயரோ வரக் கூடாது. இதழில் இன்னும் வெளிவராத முடிவுகளைப் பற்றி நெறியாளர் சரி என்று சொன்ன பிறகுதான் பேச வேண்டும். பேட்டி கொடுத்தவர் பார்த்துத் தலையசைக்காமல் வெளியிடவும் கூடாது. இவ்வளவுதான் விதி.

இப்போது தமிழுக்கு வருகிறேன். உங்களுக்கு எழுதுவதே அதற்காகத்தான்.

1998-இல் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை வரிசை மாற்றி இந்திக்குக் கீழே அச்சிட்டபோது நாம் ஒன்றாக எழுந்து நின்றோம். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். நானும் கையொப்பம் திரட்டியவன், அதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் நோட்டில் இருக்கும் தமிழை வாசிக்கிற நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலம், தொலைக்காட்சியில் பிரெஞ்சு, கோயிலில் தேவாரம். தமிழ் எடுத்துப் படிக்கும் பிள்ளைக்கு நாம் எழுதக் கொடுப்பது என்ன? தைப்பூசம் பற்றி ஒரு கட்டுரை, வருடப்பிறப்பு பற்றி ஒரு கட்டுரை, நான் விரும்பும் தலைவர். அதே கட்டுரையை நான் எழுதினேன், என் மாணவர்கள் எழுதினார்கள், அவர்கள் பிள்ளைகளும் எழுதுகிறார்கள்.

மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் பி.ஏ. படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் வந்துவிடும் ரெடுயியில் பூச்சியையும் பவளத்தையும் கரும்பையும் சர்க்கரை நோயையும் ஆராயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவரிடம் மொழி இருக்கிறது, அதில் சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லை. இன்னொருவரிடம் சொல்ல மலையளவு இருக்கிறது, மொழி போய்விட்டது. இவர்கள் சந்தித்துக்கொள்வது கல்யாண வீட்டில், வாழையிலையில் ஏழு கறி பரிமாறும்போது. அங்கேயும் கறியைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

தங்கை மகளின் பேட்டியை அவள் பேசிய கிரியோலிலேயே விட்டுவிட்டோம். கீழே ஓடும் தமிழ் வரிகளை எழுத பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.க்குத் தமிழ் படிக்கும் மாணவர்கள் மூவரைக் கூப்பிட்டேன். பேருந்து மாணவர்களுக்கும் என்னைப் போன்ற முதியவர்களுக்கும் இலவசம் என்பதால் செலவு தேநீரோடு போயிற்று. பவளப்பாறைக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் ஆழமில்லாத கடலைச் சொல்லும் 'லகோன்' என்ற சொல்லில் முதல் சண்டை தொடங்கியது. ஒருத்தி 'காயல்' என்றாள், அகராதி பார்த்தவன் 'கடற்கழி' என்றான். மூன்றாமவன் 'களப்பு' என்று இலங்கையில் சொல்வதைக் கண்டுபிடித்தான். மட்டக்களப்பு என்ற ஊர்ப்பெயரில் இருப்பது அதுதானே என்று கேட்டான். களப்பே வென்றது. மங்லியேக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் 'அலையாத்தி' என்கிறது. அழகான சொல். ஆனால் 'கண்டல்' இரண்டாயிரம் ஆண்டுகளாக நெய்தல் பாடல்களில் இருப்பது என்று நான் சொன்னதும் மூவரும் நிமிர்ந்தார்கள். தேர்வுக்காக மனப்பாடம் செய்த நெய்தல் நிலம் மாயேபூரில் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொன்னதில்லை.

பிரெஞ்சு வழக்கில் 'ஏடிஎன்' என்று அவள் சொன்ன இடத்தில் டிஎன்ஏ என்றே எழுதினோம். இங்கே தூய தமிழ் கேட்டு யாரும் எனக்குக் கடிதம் போட வேண்டாம். புரியும் சொல் முதலில் வரட்டும், பழைய சொல் கிடைத்தால் சேர்த்துக்கொள்வோம், இல்லாத சொல்லை அவசரமாகச் செய்ய வேண்டாம். இன்னொரு கணக்கும் அன்றுதான் புரிந்தது. கிரியோல் ஓடும், தமிழ் வரி நீளும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அடுத்த வரி வந்து முந்தின வரியை விழுங்கிவிடும். மூவரும் ஒரு வாக்கியத்தை எடுத்து, "இதில் அக்கா உண்மையில் என்னதான் சொல்கிறாள்?" என்று கேட்டுப் பாதியாகச் சுருக்கினார்கள். பல ஆண்டு நான் வகுப்பில் கெஞ்சியும் வராத சுருக்கம் அது. ஒரு வாக்கியம் புரியாமல் அவளுக்கே தொலைபேசி செய்தார்கள். அவள் விளக்கியபோது, தான் எழுதியிருந்ததில் ஒரு பிழை இருப்பதைக் கண்டுகொண்டாள்.

பிறகு அந்தக் காணொளியை ஒரு கோயில் விழாவில் காட்டக் கேட்டேன். எந்தக் கோயில் என்பது வேண்டாம். நிகழ்ச்சி நிரலில் இடம் கொடுத்தார்கள், அதற்கு நன்றி. அமைச்சர் உரைக்குப் பின், பொன்னாடைகளுக்குப் பின், சாப்பாட்டுப் பந்திக்கு அழைப்பு வந்த அதே நொடியில் ஓட்டினார்கள். திரைக்கு முன்னால் நானும், பாத்திரம் கழுவக் காத்திருந்த இரண்டு அக்காமாரும் மட்டும். அதில் ஓர் அக்கா முழுவதும் பார்த்துவிட்டு, "அந்த நீளக் காயை நாங்க சின்ன வயசுல ஈட்டி மாதிரி சேத்துல எறிஞ்சு விளையாடுவோம்" என்றார். அவர் சொன்ன இடத்தில் இப்போது ஒரு கண்டல்கூட இல்லையாம். தங்கை மகள் மறுவாரமே அவர் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் நினைவில் இருக்கும் கரையோரத்தைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறாள். பேட்டி ஒரு வழிச் சாலை என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன்.

ஆகவே நான் கேட்பது இது. வருடப்பிறப்பு விழாவில் பத்து நிமிடம், பந்திக்கு முன்னால். அதில் இரண்டு காணொளி. அமைச்சர்கள் கோபிக்க மாட்டார்கள், அவர்களுக்கும் பசிக்கும். ஒவ்வொரு கோயிலுக்கும் இருக்கும் வாட்ஸப் குழுவில் மாதம் ஒன்று போட அனுமதி. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் பகுதியில் யார் வீட்டுப் பிள்ளை ஆய்வு செய்கிறது என்று விசாரித்துச் சொல்லுங்கள். நம் சாதி சனம், நம் கோயில் என்று பார்க்க வேண்டாம். இந்தி பேசும் வீட்டுப் பிள்ளையோ, சீனர் வீட்டுப் பிள்ளையோ, கிரியோல் பிள்ளையோ ஆனாலும், தமிழ் வரிகளை எழுதப்போவது நம் பிள்ளைகள்தான். மாலைப் பள்ளிகளை நடத்துவோரிடம் தனியாக ஒன்று கேட்கிறேன்: இந்த ஆண்டு ஒரு வகுப்பிலாவது தைப்பூசக் கட்டுரைக்குப் பதிலாக ஒரு பேட்டியைக் கொடுத்துப் பாருங்கள். சரி பார்க்க நான் வருகிறேன்.

பணம் கேட்கவில்லை. ஒலிவாங்கி ஒன்று வாங்கிவிட்டோம்.

அடுத்த பேட்டி லிச்சி மரத்துக்கு வலை போட வேண்டுமா, வௌவாலைச் சுட வேண்டுமா என்ற பழைய சண்டையைப் பற்றியது. 2015-இல் அரசு சுடத் தொடங்கியதிலிருந்து அணையாத சண்டை. இரவில் மரத்தடியில் விழும் பழங்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞர் சம்மதித்திருக்கிறார். தன் மரத்தில் ஒரு பழம்கூட மிஞ்சவில்லை என்று வௌவாலைத் திட்டும் லிச்சிக்காரர் ஒருவர் கேள்வி கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். அப்படிப்பட்டவர்கள் உங்கள் குழுக்களில் பலர் இருக்கிறார்கள், எனக்கே மூவரைத் தெரியும். ஒருவரை அனுப்பி வையுங்கள். எடுக்கப்போவது இரவில், கொசுவுக்கு மருந்து தடவிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
காத்ர போர்ன், மொரீஷியஸ்